பூனைக்குத் தொந்தி ஏன்?

ஆராய்வதற்கு நாட்டில் ஆயிரம் பொருள்கள் இருக்க, பூனையின் வயிற்றைப் பற்றியா ஒரு கட்டுரை என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், நகைத்தபின் படிக்கட்டும். விடுதி உணவுக்கூடத்தின் பின்வாயிலிலும், வாடகை அறைகளின் மொட்டை மாடியிலும் நம்மோடு குடியிருக்கும் பிராணி பூனை. அதற்குச் சோறு வைப்பவர்கள் நாம். அதன் வயிறு தொங்கினால் வைத்தியம் சொல்பவர்களும் நாமே. அந்த வைத்தியம் பல வேளைகளில் தவறாகிவிடுகிறது. நலமாயிருக்கும் பூனையைப் பட்டினி போடுகிறோம். நோயுற்ற பூனையைப் பார்த்து, "நன்றாகக் கொழுத்துவிட்டது" என்று மகிழ்கிறோம். இவ்விரு பிழைகளாலும் பூனை மாள்வதுண்டு. ஆதலின், பூனையின் வயிறு ஏன் தொங்குகிறது, எந்தத் தொங்கல் இயற்கை, எந்தத் தொங்கல் ஆபத்து என்பதை இயன்ற அளவு எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிப்புக்காகத் தமிழகத்தை விட்டுத் தார்நாகாவுக்கு வந்து சேர்ந்த நமக்கு, இங்கே மொழி புதிது, சாப்பாட்டின் காரம் புதிது, வெயிலும் ஓரளவு புதிது. பூனை ஒன்றுதான் பழைய உறவு. தெலுங்கர் அதனைப் 'பில்லி' என்கின்றனர். உருது பேசுவோரும் 'பில்லி' என்கின்றனர். முதலெழுத்தின் ஒலி இரண்டிலும் வேறு. நம் எழுத்தில் எழுதினாலோ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த மொழியில் அழைத்தாலும் திரும்பிப் பாராத பெருமிதம் மட்டும் பூனைக்கு எங்கும் பொது.

பெயர் வேறானாலும், தொங்கும் வயிற்றைக் கண்டவுடன் மக்கள் கூறும் தீர்ப்புகள் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே. "சினையாயிருக்கிறது" என்பார் ஒருவர். ஆண் பூனையைப் பார்த்தே இப்படிச் சொன்னவர்கள் உண்டு. "மெஸ் சோறு தின்று தொந்தி போட்டுவிட்டது" என்பார் இன்னொருவர். "கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள் அல்லவா, தையல் சரியில்லை" என்பார் மூன்றாமவர். "வயிற்றில் புழு" என்று முடிப்பார் நான்காமவர். நால்வரும் ஒரே வயிற்றைத்தான் பார்க்கின்றனர். ஆனால் பூனையின் வயிறு பெரிதாய்த் தோன்றுவதற்குக் காரணங்கள் பல. அவற்றை மூன்று சொற்களில் அடக்கலாம்: மடிப்பு, கொழுப்பு, வீக்கம். இம்மூன்றையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் போதும். பாதி வைத்தியம் முடிந்தது.

மடிப்பு

பூனை நிதானமாக நடந்து செல்லும்போது பக்கவாட்டில் நின்று நோக்குங்கள். மார்புக்கூட்டுக்குப் பின்னே, பின்கால்களுக்குச் சற்று முன்னே, அடிவயிற்றில் வெறும் பைபோல ஒரு தோல் மடிப்பு தொங்கக் காணலாம். பூனை நடக்க நடக்க அது இடமும் வலமுமாக ஊசலாடும். விரைந்து ஓடினால் நன்றாகவே ஆடும். மெல்லத் தொட்டுப் பார்த்தால் உள்ளே குடலோ கட்டியோ தட்டுப்படாது. தளர்ந்த தோலும் அதனுள் சிறிது கொழுப்புமே அதன் உள்ளடக்கம். பூனை ஏறத்தாழ ஆறு மாதப் பருவத்தைக் கடந்த பிறகே இம்மடிப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கருத்தடை செய்துகொண்ட பூனைக்கும் உண்டு, செய்துகொள்ளாத பூனைக்கும் உண்டு. ஆகவே, சினையென்று சொன்னவரும், தையலைக் குறை கூறியவரும் இவ்விடத்தில் தோற்றார்கள்.

தையல்மீது பழி வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கருத்தடை ஆபரேஷன் பெரும்பாலும் பூனை ஆறு மாதத்தை நெருங்கும்போதே செய்யப்படுகிறது. மடிப்பு வெளிப்படும் பருவமும் அதுவே. ஒன்றன்பின் ஒன்று வந்ததால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிபோட்டுவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

ஆங்கிலத்தில் இம்மடிப்பைப் 'பிரைமார்டியல் பவுச்' என்கின்றனர்; 'ஆதிப் பை' என்பது அதன் பொருள். பை என்றவுடன் கங்காருவின் நினைவு வந்துவிடும். கங்காருவின் பைக்கு வாய் உண்டு, பூனையின் மடிப்புக்கு வாய் இல்லை. நம்மிடமோ 'அடிமடி' என்ற அழகிய சொல் ஆயத்தமாக இருக்கிறது. வேட்டியின் அடிமடியில் காசு முடிந்துவைப்பது நம் முன்னோர் வழக்கம். பூனையின் அடிமடியில் காசில்லை. கொஞ்சம் கொழுப்புத்தான் இருக்கிறது. அதிலே கை வைத்தால் அதற்கும் கோபம் வருகிறது என்பதால், சொல் பொருந்தியே இருக்கிறது. இக்கட்டுரையில் அதனையே கையாள்கிறேன்.

அடிமடி உண்டாவதற்கு இடந்தருவது பூனைத் தோலின் அமைப்பு. மனிதனின் தோல் உடலோடு பெரும்பாலும் இறுகப் பொருந்தியிருக்கிறது. பூனையின் தோலுக்கும் தசைக்கும் இடையே தளர்ச்சியான இணைப்புத் திசு நிறைய உண்டு. அதனால் தோல் தசையின்மேல் எளிதாக நழுவுகிறது. தாய்ப்பூனை குட்டியின் பிடரித் தோலைக் கவ்வித் தூக்கும்போது இத்தளர்ச்சியை யாவரும் கண்டிருக்கலாம். அடிவயிற்றில் அத்தளர்ச்சி மிகுந்து, கொழுப்பும் சிறிது சேர்ந்து, மடிப்பாகத் தொங்குகிறது. எல்லாப் பூனைக்கும் இது ஒரே அளவில் இராது. சிலவற்றுக்குத் தடவினால்தான் தெரியும். சிலவற்றுக்குத் தரையைத் துடைப்பதுபோலத் தொங்கும். மரபு, வயது, பல முறை ஈன்றமை, முன்பு பருத்திருந்து பின்பு மெலிந்தமை ஆகியவை இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள். எகிப்திய மௌ என்னும் சாதிப் பூனைக்கு இம்மடிப்பு இருக்கவேண்டும் என்பதை இலக்கணமாகவே மேனாட்டுப் பூனை வளர்ப்போர் எழுதிவைத்திருக்கின்றனர். காங்கேயம் காளையின் கழுத்தில் அலைதாடி தொங்கக் கண்டு நோயென்று சொல்வார் நம்மில் யாரேனும் உண்டா? பூனையின் அடிமடியும் அத்தகையதே.

சிங்கத்தின் அடிமடி

அடிமடி நம் தெருப்பூனைக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று என்பதற்கு ஹைதராபாத்திலேயே சாட்சி இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நேரு விலங்கியல் பூங்காவுக்கு ஒரு ஞாயிறன்று சென்று ஆசியச் சிங்கத்தைப் பாருங்கள். அதன் வயிற்றின் அடியிலே நீளவாக்கில் ஒரு தோல் மடிப்பு ஓடுகிறது. குஜராத்தின் கிர் காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் இருப்பிடமாகக் கொண்ட ஆசியச் சிங்கத்தை, ஆப்பிரிக்கச் சிங்கத்திலிருந்து பிரித்துக் காட்டும் புற அடையாளங்களுள் இம்மடிப்பு முதன்மையானது. ஆப்பிரிக்கச் சிங்கத்தில் அது அரிதாகவே காணப்படும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிர் நிலப்பகுதியில் வாழும் சிங்கங்கள் 891. காட்டு வேந்தனுக்கே மடிப்பு இருக்கும்போது, மாடிப் பூனைக்கு இருப்பதில் இழுக்கு என்ன?

இங்கே நாம் கற்க வேண்டிய ஒரு பாடமும் உண்டு. மடிப்பு ஓர் அடையாளமே. அது மட்டுமே தீர்ப்பாகாது. அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் ஆசியச் சிங்கம் என்று பெயர் சூட்டி வளர்க்கப்பட்டு வந்தவற்றின் முன்னோருள் ஆப்பிரிக்க இரத்தம் கலந்திருந்ததை 1987-ஆம் ஆண்டு ஒரு மரபியல் ஆய்வு வெளிப்படுத்தியது. பிறகு, தார்நாகாவை அடுத்த ஹப்ஸிகூடாவிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்களும், கலப்புற்ற சிங்கத்தையும் கலப்பற்ற சிங்கத்தையும் மரபணுவால் வேறுபடுத்தும் முறைகளை 1990-களில் கையாண்டனர். புறத்தோற்றம் ஐயத்தை எழுப்பும். ஐயத்தைத் தீர்ப்பது சோதனையே. பூனையின் வயிற்றுக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பூனைக் குடும்பத்தில் பலவற்றுக்கும் இவ்வாறு தளர்ந்த அடிவயிறு இருப்பதனால், இது மனிதன் வளர்த்ததனால் வந்த சோம்பல் தொந்தி அன்று என்பது தெளிவாகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை அண்மைக் கிழக்கில் வாழ்ந்த காட்டுப்பூனை என்பதை 2007-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு நிறுவிற்று. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதனுக்கு அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தும், நாயைப் போலப் பூனை பலவாறாக உருமாறிவிடவில்லை. தொல்காப்பிய மரபியல் 'வெருகு' என்று காட்டுப்பூனையைச் சொல்லி, அதன் இளமைக்குக் 'குட்டி' என்று பெயர் வகுத்திருக்கிறது. நம் மாடிக் குட்டிக்கும் அந்த வெருகுக் குட்டிக்கும் உடலமைப்பில் பெரிய வேற்றுமை இல்லை.

அடிமடியால் பயன் யாது?

இதற்கு மூன்று விடைகள் வழக்கத்தில் உள்ளன. மூன்றும் கருத்துகளே, எதுவும் சோதனையால் முற்ற நிறுவப்பெற்றதன்று. ஆயினும், விஞ்ஞான மாணவர்க்கு ஒரு கருத்தை எடைபோட்டுப் பார்ப்பதே ஓர் இன்பம் அல்லவா?

முதல் விடை: அது கவசம் என்பது. பூனைகள் சண்டையிடும்போது முன்கால்களால் எதிரியை அணைத்துக்கொண்டு, பின்கால்களின் நகங்களால் வயிற்றைக் கிழிக்க முயல்கின்றன. வயிற்றுக்கு விலா எலும்பின் காவல் இல்லை. நகம் தளர்ந்த தோலிலே சிக்கினால், தோல் நழுவிக் கொடுக்கும், குடல் தப்பும். இக்கருத்து பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால், சண்டைக்கு அதிகம் போகாத பெண் பூனைக்கும் அடிமடி இருப்பது ஏன் என்ற வினா எழுகிறது.

இரண்டாம் விடை: அது ஓட்டத்துக்கு உதவுகிறது என்பது. பூனை பாயும்போது முதுகெலும்பு வில்போல வளைந்து நிமிர்கிறது. பின்கால்கள் உடலுக்குப் பின்னே நெடுந்தூரம் நீள்கின்றன. அடிவயிற்றுத் தோல் இறுக்கமாயிருந்தால் தொடையைப் பிடித்திழுக்கும். இறுக்கமான கால்சட்டையுடன் வேலி தாண்ட முயன்றவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மடிப்பு இருக்கும் இடமும் இக்கருத்துக்குத் துணை செய்கிறது. விலாப்புறத்திலிருந்து பின்தொடைவரை அது ஓடுவதால், கால் நீளும்போது விரிந்து, கால் மடங்கும்போது சுருங்கக்கூடிய உபரித் துணியாக அதனைக் கருதலாம்.

மூன்றாம் விடை: அது உணவுக்கு இடங்கொடுக்கிறது என்பது. ஒரே வேளையில் பேருணவு உண்ணும் விலங்குக்கு வயிறு விரிய இடம் வேண்டும். அதற்கே இத்தளர்ச்சி என்பர். சிங்கத்துக்கு இது ஒருவாறு ஒத்துவரும். ஆண் சிங்கம் ஒரே இருப்பில் 30 கிலோ இறைச்சிக்கு மேலும் தின்ன வல்லது. பூனைக்கோ இது சரியாகப் பொருந்தவில்லை. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி. ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி உண்டு. ஆகவே ஏழெட்டுச் சுண்டெலிகளை நாள் முழுதும் அவ்வப்போது பிடித்துத் தின்பதே பூனையின் இயல்பான உணவு முறை. விருந்துண்டு பட்டினி கிடப்பது அன்று. அன்றியும், இரைப்பை இருப்பது விலாவை ஒட்டி முன்புறத்தில். அடிமடி தொங்குவதோ பின்கால்களை ஒட்டி. வரவேற்பறையில் விருந்தினர் நிறைந்தால், புழக்கடையை விரிவாக்கி என்ன பயன்?

இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக ஒன்றையும் நினைவில் வைக்கவேண்டும். உயிரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பயன் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. வேறோர் அமைப்பின் உடன்விளைவாக ஒன்று தோன்றியிருக்கலாம் என்று ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் 1979-ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வற்புறுத்தினர். உடல் முழுதும் தளர்ந்த தோலை உடைய பிராணிக்கு, பூமியின் ஈர்ப்பு இழுக்கும் கீழ்ப்புறத்தில் அத்தோல் தொங்குவது இயல்பே. என் அளவில், ஓட்டத்துக்கு இடந்தரும் தளர்ச்சி என்பதும், அத்தளர்ச்சியின் உடன்விளைவே இம்மடிப்பு என்பதும் சேர்ந்த விடையே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கொழுப்பு

நிற்க. தொங்கும் வயிறெல்லாம் அடிமடியே என்று நிம்மதி கொண்டுவிடலாகாது. பூனை மெய்யாகவே பருத்துவிடுவதும் உண்டு.

உணவும் உடலும் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் தார்நாகா நாடறிந்த இடம். இங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ஆம் ஆண்டு நம் நீலகிரியின் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்பவரால், ஒரே அறையில் தொடங்கப்பெற்றது. 1958-ஆம் ஆண்டு ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப்போல அதுவும் தமிழகத்திலிருந்து வந்ததே! அதன் எலிக் குடும்பத்தில், பிறவியிலேயே மிகப் பருக்கும் ஒரு வகை எலி தோன்றி, உலகெங்கும் உடற்பருமன் ஆராய்ச்சியாளர் அறிந்த இனமாயிற்று. அவ்வெலியின் உடலில், 'போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்ற சுரப்பு நிறைய உண்டு. ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. எனவே ஓயாமல் தின்கிறது. உடல் முழுதும் கொழுக்கிறது.

பருமனுக்கும் அடிமடிக்கும் உள்ள வேற்றுமை இவ்வெலியை நினைத்தால் விளங்கும். மெய்யான பருமன் ஓரிடத்தில் தொங்கி நிற்பதில்லை. விலா, இடுப்பு, முதுகு, கழுத்து என்று எங்கும் பரவுகிறது. அடிமடியோ அடிவயிற்றோடு நின்றுவிடுகிறது. மற்ற இடமெல்லாம் வழக்கம்போல் இருக்கும்.

வீட்டுப் பூனை பருப்பதற்குக் காரணங்கள் எளியவை. வேட்டையில்லை, ஓட்டமில்லை, கிண்ணத்தில் உணவு எப்போதும் இருக்கிறது. கருத்தடைக்குப் பிறகு பூனைக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு குறைகிறது, பசியோ குறைவதில்லை. பழைய அளவே உணவிட்டால் மிஞ்சியது கொழுப்பாகிறது. கருத்தடைமேல் சுமத்தக்க பழி இவ்வளவே. அடிமடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதனை அஞ்சிக் கருத்தடையை விட்டுவிடலாகாது. உணவைச் சற்றுக் குறைத்தாலே போதும்.

இங்கே நம் தயிர்சாதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்போடு நாம் வைக்கும் தயிர்சாதம் வயிற்றை நிறைக்கும். பூனைக்கு வேண்டிய சத்தைத் தராது. பூனை ஊனுண்ணும் பிராணி. டாரின் என்னும் பொருளைத் தன் உடலிலேயே போதிய அளவு ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது, இறைச்சியிலிருந்தே பெறவேண்டும். டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து பூனை இறக்கும் என்பதைக் கலிபோர்னியாவில் பால் பயன் என்னும் கால்நடை மருத்துவரும் அவர் துணைவர்களும் 1987-ஆம் ஆண்டு கண்டுபிடித்தனர். சைவ விடுதியில் வளரும் பூனைக்கு முட்டையோ மீனோ இறைச்சியோ, பூனைக்கென விற்கும் உணவோ வெளியிலிருந்து வாங்கித் தருவதே தருமம்.

பருத்த பூனையை மெலிய வைப்பதில்தான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. மனிதர் ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கலாம், பூனை கிடக்கலாகாது. உணவு நின்றதும் பூனையின் உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பை விரைந்து கையாளும் வலிமை பூனையின் ஈரலுக்கு இல்லை. ஈரல் அணுக்களில் கொழுப்பு அடைந்து, ஈரல் செயலிழந்து, மஞ்சட்காமாலை உண்டாகிறது. கொழுத்த பூனைக்கே இவ்வபாயம் மிகுதி. இரண்டு மூன்று நாள் ஒன்றும் உண்ணாமலிருந்தாலே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மெலிய வைப்பதானால் வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறையலாகாது. அதாவது 5 கிலோ பூனைக்கு வாரம் 50 முதல் 100 கிராம். ஆகவே, அடிமடியைத் தொந்தி என்று எண்ணிப் பட்டினி போடுபவர், இல்லாத நோய்க்கு மருந்து தந்து இருக்கும் உயிரைப் போக்குபவர் ஆவார்.

வீக்கம்

மூன்றாவதே மிகக் கொடியது. இதில் தொங்குவது தோலும் அன்று, கொழுப்பும் அன்று. வயிற்றின் உள்ளேயே ஏதோ நிறைந்து, வயிற்றுச் சுவரை வெளியே தள்ளுகிறது.

எல்லா வீக்கமும் நோயன்று. சினைப்பூனைக்கு ஏறத்தாழ 63 முதல் 65 நாள் கருக்காலம். ஐந்தாம் வாரத்திலிருந்து வயிறு எடுப்பாகத் தெரியும். அதற்கு முன்னரே முலைக்காம்புகள் சிவந்து பருக்கும். குட்டிப்பூனைக்கு உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் பெரும்பாலும் உருண்டைப் புழுக்களே காரணம். அதற்கு மருந்து எளிது. கருத்தடை செய்யாத பெண் பூனைக்குப் பருவகாலம் கழிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுவதுண்டு. அது உடனே ஆபரேஷன் செய்யவேண்டிய ஆபத்து. இதயம், ஈரல் ஆகியவற்றின் கோளாறுகளாலும் வயிற்றில் நீர் சேரலாம்.

இவை எல்லாவற்றினும் இளம் பூனைகளுக்கு எமனாய் வருவது, பூனைகளின் வயிற்றுச் சவ்வைத் தாக்கும் தொற்று அழற்சி நோய். மருத்துவர்கள் 'எஃப்.ஐ.பி.' என்று சுருக்கிச் சொல்வார்கள். பூனைகளுக்கென ஒரு கொரோனா வைரஸ் உண்டு. பல பூனைகள் கூடி வாழும் இடங்களில் அது குடலிலே சாதாரணமாகத் தங்கியிருக்கும். பெரும்பாலும் கெடுதி செய்வதில்லை. சில பூனைகளில் மட்டும் அவ்வைரஸ் உடலினுள்ளேயே திரிபடைந்து, இரத்த அணுக்களிற் புகுந்து, குழாய்களைக் கசியச் செய்கிறது. மஞ்சள் நிறமான, புரதம் நிறைந்த நீர் வயிற்றில் தேங்குகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பூனைகளையே இது பெரும்பாலும் தாக்கும்.

நண்பர்கள் சிலர் வாடகைக்கிருந்த ஒரு வீட்டில் ஓர் இளம் ஆண் பூனை இருந்தது. அதற்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை. இரண்டே வாரத்தில் அதன் வயிறு உருண்டு திரண்டது. "பாலும் மீனும் நன்றாய் ஊறுகிறது" என்று தெருவே பாராட்டிற்று. அதன் முதுகெலும்பு கத்திபோல எழுந்து நின்றதை எவரும் நோக்கவில்லை. தின்பதையும் அது குறைத்துவிட்டது. மருத்துவர் வயிற்றில் ஊசி செலுத்தியபோது மஞ்சள் நீர் வந்தது. மறுநாள் பூனை இறந்தது. பாராட்டுக்குப் பதிலாக ஒருவர், வயிறு பெருக்க முதுகு ஏன் மெலிகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், பத்து நாள் முன்னதாகவே அது மருத்துவரிடம் போயிருக்கும்.

அந்தப் பத்து நாள் இன்று மிகுந்த மதிப்புடையது. ஏனெனில் எஃப்.ஐ.பி. இப்போது தீராத நோயன்று. கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் குழுவினரும் ஜி.எஸ்.441524 என்ற மருந்தை இந்நோயுற்ற 31 பூனைகளுக்குக் கொடுத்து, அதன் முடிவை 2019-ஆம் ஆண்டு வெளியிட்டனர். பன்னிரண்டு வாரமும் அதற்கு மேலும் நீண்ட வைத்தியத்தின் முடிவில் 25 பூனைகள் பிழைத்தன. முன்னர் ஏறத்தாழ எல்லாப் பூனைகளும் மாண்ட நோய் இது என்பதை நினைத்தால் அவ்வெண்ணின் பெருமை புரியும். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடலுக்குள் சென்று மாறும்போது உண்டாகும் பொருளும் இதுவே. அந்த ரெம்டெசிவிரை 2020 ஜூனில் 'கோவிஃபார்' என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டது இதே ஹைதராபாத்தின் ஹெடிரோ நிறுவனம். 2021 மே மாதத்தில் நேரு விலங்கியல் பூங்காவின் எட்டு ஆசியச் சிங்கங்களுக்குக் கோவிட் கண்டதை உறுதி செய்ததும் ஹப்ஸிகூடா மையத்தாரே, அவை நலமடைந்தன. அது மனிதரிடம் பரவிய கொரோனா, எஃப்.ஐ.பி.க்குக் காரணமானது பூனைகளுக்கே உரிய வேறு கொரோனா. இரண்டையும் குழப்பலாகாது. பூனையிடமிருந்து எஃப்.ஐ.பி. நமக்கு வாராது.

பூனையின் பழைய தோழமைக்குச் சான்று தந்த அதே சைப்ரஸ் தீவில் 2023-ஆம் ஆண்டு இந்நோயின் கொடிய புதுவகை ஒன்று பரவி ஏராளமான பூனைகள் மடிந்தன. மனிதருக்கென வாங்கி எஞ்சியிருந்த கோவிட் மாத்திரைகளை அந்நாட்டு அரசு பூனைகளுக்காகத் திறந்துவிட்டது. மருந்து இருக்கிறது, வீக்கத்தை வீக்கமென்று காலத்தில் அறியும் கண்தான் வேண்டும்.

பிரித்தறியும் வழி

அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கண்ணும் கையும் போதும்.

முதலில், மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னே இடுப்புச் சற்றுக் குறுகியிருந்தால் பூனை பருமனன்று; கீழே தொங்குவது அடிமடியே. இடுப்பே தெரியாமல் உரல்போலிருந்தால் கொழுப்பு. முதுகெலும்பு துருத்தி, வயிறு மட்டும் பேரிக்காய்போல இருபுறமும் புடைத்திருந்தால் வீக்கம்.

அடுத்து, விலாவைத் தடவுங்கள். உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்புகள் மெல்லத் தட்டுப்படும். விலா அப்படி இருந்தால் அளவான உடல். உள்ளங்கையைத் தடவுவதுபோல எலும்பு தெரியாமலிருந்தால் பருமன். கையை முட்டியாக்கி மேடுகளைத் தடவுவதுபோல எலும்பு துருத்தியிருந்தால் மெலிவு.

பிறகு, ஓடவிட்டுப் பாருங்கள். ஊசலாடுவது அடிமடி. உடலோடு சேர்ந்து அசைவது கொழுப்பு. விறைப்பாக நின்று, தொட்டால் நீர் நிறைந்த தோற்பைபோல் இருப்பது வீக்கம்.

இறுதியாக, நாட்காட்டியைப் பாருங்கள். நான்கிலும் முக்கியமானது இதுவே. அடிமடி வளரும் பருவத்தில் தோன்றி, ஆயுள் முழுதும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கொழுப்பு மாதக்கணக்கில் ஏறும். வீக்கம் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் பெருகும். விரைந்து பெருத்த வயிறு, உண்ணாமை, சோர்வு, காய்ச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எதனோடு சேர்ந்து வந்தாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்லவேண்டும். நம் கைச்சோதனை ஐயத்தை எழுப்பும் அளவே. ஐயந்தீர்ப்பது அவருடைய ஊசியும் ஸ்கேனுமே. சிங்கத்தின் கதையில் கண்ட பாடமும் இதுதானே!

நண்பர்களே, விடுதிப் பூனைக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இல்லை. எல்லோரும் ஊட்டுகிறோம், ஒருவரும் பொறுப்பேற்பதில்லை. தேர்வு விடுமுறைக்கு நாம் ஊருக்கு ரயிலேறிவிட்டால், அதன் வயிறு பெருத்தாலும் வற்றினாலும் பார்ப்பார் இல்லை. ஆகவே, ஒவ்வொரு விடுதியிலும் இருவரேனும் பொறுப்பேற்று, மாதம் ஒரு முறை தம் பூனைகளின் விலாவைத் தடவிப் பார்த்து, எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். எடை பார்க்க விஞ்ஞானத் தராசு வேண்டா. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறிமேல் நின்று, பிறகு தனியே நின்று, கழித்தால் போதும். விடுமுறையில் ஊர் செல்வோர், தங்குவோரிடம் அக்குறிப்பேட்டைக் கொடுத்துச் செல்லட்டும்.